எல்லாருக்கும் பின்னால் வைஜயந்தி தாயி

2011-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேமுக்கால் மணிக்கு, புனேக்குத் தெற்கேயுள்ள காத்ரஜ் மலைப்பாதையில் வைஜயந்தி லிமயேயை முதன்முதலாகச் சந்தித்தேன். சந்தித்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதே பொருந்தும். தூறலில் நனைந்தபடி, சைக்கிளின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஏறமுடியாத ஏற்றத்தில் நான் ஏறிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் இடித்தது.

"தாதா! ஹேண்டில்பாரப் புழியாதீங்க, அது ஈரத்துணி இல்ல!"

தாதா என்றால் மராட்டியில் அண்ணன், தாயி என்றால் அக்கா. திரும்பிப் பார்த்தேன்.

"கழுத்து திரும்பினா சைக்கிளும் திரும்பும். கீழ பள்ளம் இருக்கு. முன்னாடி பாருங்க!"

"நீங்க தாண்டிப் போங்க தாயி. எனக்கு இன்னும் நேரமாகும்."

"போகமாட்டேன். நான் வால். நீங்க நின்னா நானும் நிக்கணும், நீங்க உருண்டா நானும் உருளணும். அதனால தயவுசெஞ்சு உருளாமப் போங்க."

மேலே சுரங்கப்பாதையின் வாயிலில் எங்கள் சைக்கிள் மண்டலி முழுவதும் உட்கார்ந்திருந்தது. நடுவே மூடிவைத்த பாத்திரத்தில் போஹா என்னும் அவல் உப்புமா. ஒருவரும் தொடவில்லை. நாங்கள் இருவரும் போய் இறங்கியதும்தான் மூடி திறந்தது. மண்டலியின் மாறாத வழக்கம் அது: கடைசியில் வருபவருக்கும் பின்னால் ஒருவர் வருவார், அவருக்கு வால் என்று பெயர், வால் வந்து சேரும்வரை யாரும் சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது. வால் வந்துவிட்டால் அனைவரும் வந்துவிட்டதாகப் பொருள். தலைகளை எண்ணும் வேலை தலைவர் அச்யுத் தேவ்தருக்கு மிச்சம்.

வைஜயந்தி தாயி மெதுவாகச் செல்பவர் என்பதால் வாலாக ஆனவர் அல்லர். முன்வரிசை இளைஞர்களோடு ஈடுகொடுத்து ஓட்டக்கூடியவர். முதல் ஆண்டு அங்கேதான் இருந்தாராம். பிடிக்கவில்லை.

"முன்னாடி போறவன் மூச்ச மிச்சம் புடிக்கிறேன்னு வாயே தொறக்கமாட்டேங்கிறான். பின்னாடி வர்றவன்தான் நிக்கிறதுக்குச் சாக்கு தேடி ஊர்க்கதை பூரா சொல்றான். எனக்குக் கதை வேணும்" என்பார்.

சதாசிவ பேட்டையின் ஒரு சந்தில் அவருக்கு மாவு மில் இருந்தது. மாமனார் தொடங்கியது. இரண்டு இயந்திரங்களும் ஒன்றாக ஓடினால் அடுத்த கட்டடத்தின் சன்னல்கள் அதிரும். அந்த இரைச்சலுக்கு மேலே முப்பது ஆண்டுகள் பேசிப் பேசி, அவருடைய குரலுக்குத் தாழ்வது என்பதே மறந்துபோயிற்று. இரகசியம் சொல்ல நினைத்தால்கூட, பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கணவர் அனந்தராவ் நேரெதிர். உதட்டை மட்டுமே அசைப்பவர்.

"எங்க வீட்ல சண்டை நிக்கவே நிக்காது தாதா. அவர் திட்டறது எனக்குக் கேக்காது. நான் திட்டறது தெருவுக்கே கேட்டுடும். அக்கம்பக்கத்துல இருந்து வந்து வெலக்கிவிடுவாங்க."

மாவு டின்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் அவர் சைக்கிள் பழகினார். முன்னால் ஒரு டின், பின்னால் இரண்டு. கோதுமை அரைக்க வந்த தேவ்தர் அதைப் பார்த்து, டின் இல்லாமலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்று அழைத்திருக்கிறார். டின் இல்லாத சைக்கிள் பறப்பதுபோல் இருந்ததாம்.

டிசம்பர் கடைசியில் எங்கள் மண்டலி புனேயிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும். கடற்கரை வழியாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். சாமான்களைச் சுமந்து ஒரு டெம்போ கூட வரும். அதிலும் ஒரு வழக்கம் உண்டு. புனேயிலிருந்து குமரிமுனைவரை ஒரு முழம்கூட டெம்போவில் ஏறாமல் மிதித்தவர்கள், கன்னியாகுமரியில் தங்கள் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கடலில் நனைப்பார்கள். வழியில் எங்கேனும் டெம்போவில் ஏறியவர்கள் காலை மட்டும் நனைத்துக்கொள்ளலாம். சான்றிதழ், பதக்கம் எதுவும் கிடையாது. ஆயினும், சக்கரம் நனைத்தவர் ஆண்டு முழுவதும் நடக்கும் விதமும் கால் நனைத்தவர் நடக்கும் விதமும் வேறாக இருக்கும்.

தாயி இருமுறை போயும் இருமுறையும் கால்தான் நனைத்தார். முதன்முறை கார்வாரில் காய்ச்சல். மறுமுறை கண்ணூரில் சைக்கிளின் முன்கவை முறிந்தது. மூன்றாம் முறையாக 2022-இல் புறப்பட்டபோது எங்கள் அனைவருக்கும் தெரிந்த ஒரு செய்தி இருந்தது. அவருடைய முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது; பிப்ரவரியில் அறுவைச் சிகிச்சை; அதன்பின் காய்கறிக் கடைவரை ஓட்டலாம், மலையும் நெடுந்தூரமும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை சக்கரம் நனையலன்னா அந்தச் சைக்கிள அங்கயே கடல்ல தூக்கிப் போட்டுட்டு வந்துடுவேன்" என்றார் புறப்படும் காலையில். அனந்தராவின் உதடு அசைந்தது. "என்ன சொல்றார்?" என்று நான் கேட்டேன். "போட்டுட்டு வராத, டின் கொண்டுபோக வேணும்னு சொல்றார்."

அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர் குருநாத் ஹசப்னீஸ். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மரியாதை. வழியில் எதிர்ப்படும் எருமைக்கும் மணியடித்து மன்னிப்புக் கேட்பார். நாள்தோறும் அவரே கடைசி. ஆகவே நாள்தோறும் தாயி அவருக்குப் பின்னால். எனக்குக் கார்வாரில் மணிக்கட்டு வீங்கியதால், அங்கிருந்து டெம்போவே கதியானது. ஓட்டுநர் மகாதேவின் பக்கத்தில் அமர்ந்து, அவர்கள் இருவரும் வருவதைத் தொலைவிலிருந்தே கேட்பேன்.

"சாஹேப்! இடுப்ப ஆட்டாதீங்க, கால மட்டும் ஆட்டுங்க!"

"முயற்சி பண்றேன் தாயி. ரெண்டும் ஒட்டியிருக்கு."

"உங்க பொண்ணு மாப்பிள்ளைய எப்பப் பாத்தான்னு பாதியில விட்டீங்களே, அதச் சொல்லுங்க."

"அதச் சொன்னா மூச்சு போயிடும்."

"அப்ப அந்தப் பாலத்துல நின்னு சொல்லுங்க. நானும் தண்ணி குடிக்கிறேன்."

இதோடு நின்றிருந்தால் ஹசப்னீஸ் மகிழ்ச்சியாக வந்திருப்பார். சாப்பாட்டு இடங்களே அவரை வாட்டின. பசியோடு காத்திருக்கும் இருபத்தைந்து பேருக்கு நாக்கு நீளும். கோழிக்கோட்டில் ஒருவன், "சாஹேப் வந்தாச்சு, ராத்திரி சாப்பாட்டையும் சேத்தே போட்டுடுங்க" என்றான். திருச்சூரில் இன்னொருவன் தட்டைத் திருப்பிவைத்து அதன்மேல் தலைசாய்த்துத் தூங்குவதுபோல் நடித்தான். ஹசப்னீஸும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றுமுதல் இரண்டாம் முறை சோறு கேட்பதை நிறுத்திவிட்டார்.

கடைசிக்கு முந்தைய நாள், கொல்லத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகவேண்டும். முந்தின இரவு தங்கிய மண்டபத்தில் மின்சாரத் துளைகள் மூன்றே இருந்தன. சைக்கிள் விளக்குகளுக்கும் தொலைபேசிகளுக்கும் மின்னேற்ற அங்கே நடந்த போட்டியைப் போர் என்றே சொல்லலாம். வரிசையில் நின்ற ஹசப்னீஸ், கேட்டவருக்கெல்லாம் தம் முறையை விட்டுக்கொடுத்தார். காலையில் அவருடைய விளக்கும் செத்திருந்தது, தொலைபேசியும் செத்திருந்தது.

மதியச் சாப்பாடு கழக்கூட்டத்தில். இரண்டு மணியளவில் தாயி தனியாக வந்து இறங்கினார். வால் வந்துவிட்டது! அனைவரும் ஆரவாரத்தோடு இலைமேல் பாய்ந்தார்கள். தாயி ஒரு கவளம் எடுத்தார். சுற்றிப் பார்த்தார்.

"ஹசப்னீஸ் சாஹேப் எங்க?"

"உங்களுக்கு முன்னாடி வந்திருப்பாரே?" என்றார் தேவ்தர்.

"எனக்கு முன்னாடிதான் போனார். டீக்கடை பக்கம் என் செயின் கழண்டுச்சு. மாட்டிட்டு வேகமா வந்தேன். ஆளக் காணோம். இன்னிக்குப் பரவாயில்ல, நல்லா மிதிக்கிறார்னு நெனச்சேன்."

கையிலிருந்த கவளம் இலைக்குத் திரும்பியது. வாலுக்குப் பின்னால் ஆள்! அத்தனை ஆண்டுகளில் அது நடந்ததில்லை. தொலைபேசியில் அழைத்தார்கள், அணைந்திருந்தது. டெம்போவோ என்னையும் சாமான்களையும் மண்டபத்தில் சேர்க்க முன்னரே போய்விட்டது. (கழக்கூட்டத்தில் நடந்ததெல்லாம் தேவ்தர் எனக்குப் பின்னர் சொன்னது.) யாரையும் கேளாமல் தாயி சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே போனார்.

ஆற்றிங்கலுக்கு அருகில், மூடிக்கிடந்த ஒரு மரக்கடையின் பின்புறம், பலகைகளின்மேல் ஹசப்னீஸ் உறங்கிக்கொண்டிருந்தார். தம் சைக்கிளையும் சாலையிலிருந்து தெரியாதபடி சாத்தியிருந்தார். தாயியால் எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது? வழிநெடுகக் கத்திக்கொண்டே போயிருக்கிறார். ஆற்றிங்கலில் பாதிப் பேர் தங்கள் பெயரே ஹசப்னீஸோ என்று ஐயப்பட்டிருப்பார்கள். கடைசியில் அவர் திடுக்கிட்டு எழுந்து பலகையிலிருந்து விழுந்த சத்தத்தைக் கொண்டு இடத்தைப் பிடித்தாராம்.

"என்ன சாஹேப் இது? ஒளிஞ்சு வெளையாடற வயசா?"

அவர் தலைகுனிந்து நின்றார். "நீங்க தாண்டிப் போயிட்டீங்கன்னா அங்க எல்லாரும் சாப்பிட்டுடுவாங்க இல்ல தாயி. ஒரு நாளாவது சூடாச் சாப்பிடட்டும்னு பாத்தேன். பத்து நிமிஷம் மறைஞ்சிருந்துட்டு வரலாம்னு படுத்தேன். தூங்கிட்டேன்."

தாயி சிரிக்கத் தொடங்கினாராம். அந்தச் சிரிப்பைப் பற்றி ஹசப்னீஸ் பின்னர் சொன்னார்: "திட்டியிருந்தா அழுதிருப்பேன். சிரிச்சாங்க. அதனால சைக்கிள்ல ஏறிட்டேன்."

கழக்கூட்டம் திரும்பி, எடுத்துவைத்திருந்த சோற்றை உண்டு, நெய்யாற்றின்கரையை நோக்கி அவர்கள் மிதித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் மண்டபம் சேர்ந்திருந்தார்கள். தேவ்தர் டெம்போவை எதிரே அனுப்பினார், நானும் ஏறிக்கொண்டேன். கோவளத்துக்குப் பிரியும் சாலைக்குச் சற்றுமுன் அவர்களைக் கண்டோம். இருட்டத் தொடங்கியிருந்தது. இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. மிதிக்கும் பெருமூச்சுகளுக்கிடையே ஹசப்னீஸின் முகத்தில் ஒரு பெருமிதம். அதுவரை அவரும் ஒரு முழம்கூட டெம்போவில் ஏறியதில்லை.

நான் தேவ்தரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருடைய விதி அனைவரும் அறிந்ததுதான்.

"வெளக்கு இருக்கறவங்க மிதிக்கலாம். இல்லாதவங்க டெம்போல ஏறணும். முன்னாடி வெள்ள, பின்னாடி சிவப்பு, ரெண்டும் எரியணும்."

"என் வெளக்க மண்டபத்துல இருந்து எடுத்துட்டு வரட்டுமா?"

"நீங்க வந்து திரும்பறதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் லாரிங்களுக்கு நடுவுல இருட்டுல நிக்கறதா? மகாதேவ் வண்டியோட ஒரு கண்ணும் மங்களூர்லயே அவிஞ்சு போச்சு. வெளக்கு இல்லாதவரு யாரு? ஹசப்னீஸ்தானே? ஏத்துங்க. பேச்சு முடிஞ்சுது."

ஹசப்னீஸ் மறுக்கவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கி, அதன் இருக்கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். பிறகு டெம்போவின் பின்பலகையை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். நடந்து வந்த அந்த நாலடியில் அவர் பத்து வயது கூடியவராகத் தோன்றினார்.

தாயி தம் சைக்கிளின் முன்விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க தாயி?"

"வெளக்கு பாரமா இருக்கு. கைவலிக்குது. சாஹேப், இதப் புடிங்க. முன்னாடி மாட்டுங்க. தாதா, பின்னாடி இருக்கறதக் கழட்டுங்க. நிக்காதீங்க, மசமசன்னு."

எனக்குப் புரிந்துவிட்டது. வாய் திறந்தேன். அவர் என் பக்கத்தில் வந்து இரகசியம் பேச முயன்றார். அஃதாவது, பக்கத்துத் தென்னை மரத்துக் காகங்கள் எழுந்து பறந்தன.

"ஒரு வார்த்தை பேசினீங்க, இங்கயே எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்!"

"ஆனா நீங்க..."

"வாலுக்குப் பின்னாடி ஆள் விட்டது யாரு? நான்தானே? அவர் ஒளிஞ்சார், சரி. ஒளிஞ்சவரத் தாண்டினது என் கண்ணு. அதுக்கு அவர் சக்கரம் ஏன் காயணும்?"

ஹசப்னீஸ் தம் தலைக்கவசத்தின் வாரோடு போராடிக்கொண்டிருந்ததால் இதில் பாதிதான் அவருக்குக் கேட்டது. "தாயி, நீங்க டெம்போல வந்தா உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். புதியவர்; தாயி எத்தனையோ முறை சக்கரம் நனைத்திருப்பார் என்று அவர் எண்ணியிருந்தார்.

"எனக்கு என்ன? ராணி மாதிரி உக்காந்து வரப்போறேன். ஏறுங்க மேல!"

அப்படித்தான் வந்தோம். முன்னே ஹசப்னீஸ், பின்னே ஒற்றைக்கண் டெம்போ, அதன் சன்னலிலிருந்து இடுப்புவரை வெளியே நீட்டியபடி தாயி. "இடது! இடது! பள்ளம்! சாஹேப், லாரிக்கு மரியாத குடுக்காதீங்க, அது நம்மளுக்குக் குடுக்கட்டும்!" மகாதேவ் ஒலிப்பானை அன்று தொடவே இல்லை. தேவையிருக்கவில்லை. பாலராமபுரத்துக் கடைக்காரர்கள் ஏதோ தேர்தல் ஊர்வலம் என்று எண்ணி எழுந்து நின்றார்கள். இடையில் ஒருமுறை மட்டும் அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, தம் முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டார். பிறகு மீண்டும் சன்னல்.

மறுநாள் பிற்பகல் கன்னியாகுமரி. சங்கமத் துறையில் தேவ்தர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்க, முழுதும் மிதித்தவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நீரில் இறங்கினார்கள். ஹசப்னீஸின் பெயரும் வந்தது. அவர் இறங்காமல் திரும்பிப் பார்த்தார்.

"தாயி பேரு இன்னும் வரலையே?"

தாயி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால் ஆழத்தில் நின்றிருந்தார்.

"உங்க சைக்கிள் எங்க தாயி?"

"டெம்போல தூங்குது. நீங்க எறங்குங்க, பின்னாடி ஆள் நிக்குது."

தேவ்தர் மெல்லச் சொன்னார்: "அவங்க மூணாந் தடவையும் கால்தான் சாஹேப்."

முந்தின மாலை தம் கையில் வந்த விளக்கின் பொருள் ஹசப்னீஸுக்கு அப்போதுதான் விளங்கியது. சைக்கிளைத் தாயியின் பக்கம் உருட்டிவந்தார். "இத நீங்க நனைங்க. நான் நனைக்க மாட்டேன்."

"உங்க சக்கரத்த நான் நனைச்சா அது என் கணக்குல எப்படி வரும்? அசட்டுத்தனமாப் பேசாதீங்க. நனைக்காமத் திரும்பினீங்க, அந்த இருட்டுல தொண்டை கிழியக் கத்தினேனே, அது வீணாப் போயிடும். அதோ, பெரிய அலை வருது. ஓடுங்க!"

அவர் ஓடினார். அலை சக்கரத்தை மட்டுமின்றி ஆளையும் சேர்த்து நனைத்தது. தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழுந்தவரின் கண்கள் சிவந்திருந்தன. உப்புநீர் என்றார். அப்படியும் இருக்கலாம்.

நெடுந்தூரம் மிதித்துத் திரும்பும் இரயிலில் ஒரு விசித்திரமான அமைதி நிலவும். படுக்கையில் கிடக்கும்போதும் கால்கள் தாமாகச் சுற்றும். சன்னலுக்கு வெளியே, நாள் முழுவதும் மிதித்துக் கடந்த ஊர்கள், பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் பின்னோடும். என்ன பார்த்தாய் என்று வீட்டில் கேட்பார்களே, என்ன சொல்வது என்று யோசித்தேன். காயலும் கலங்கரை விளக்கமும் நினைவில் இருந்தன. ஆயினும் உண்மையில் நாங்கள் பார்த்தவை முதுகுகள்தாம். முன்னால் போனவரின் முதுகு. அதில் காய்ந்த வியர்வை வரைந்த வெள்ளைக் கோடுகள். எல்லாருடைய முதுகையும் பார்த்தவர் தாயி ஒருவரே. அவருடைய முதுகை எவரும் பார்த்ததில்லை.

இரயில் கொங்கணத்துக்குள் நுழைந்தபோது, ஹசப்னீஸ் எழுந்துவந்து தாயியின் எதிரே அமர்ந்தார்.

"தாயி, நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன். எப்ப வேணும்னாலும், எது வேணும்னாலும் கேளுங்க. ஒரு தடவையாவது கேக்கணும்."

"கேக்கறேன். அந்த நிலக்கடலை மிட்டாய் இருக்கா?"

"இது கணக்குல சேராது" என்று எடுத்துக் கொடுத்தார்.

பிப்ரவரியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தாயி தேறினார். மீண்டும் மில்லில் நின்றார். டின்களை இப்போது அனந்தராவ் தள்ளிக்கொண்டு போகிறார். ஹசப்னீஸ் வாரந்தோறும் கோதுமையோடு வருவார். அவர் வீட்டில் இரண்டே பேர்; அவ்வளவு மாவை என்ன செய்தார்களோ தெரியாது. வரிசையில் நின்று தம் முறை வந்ததும், இயந்திர இரைச்சலுக்கு மேலே அவரும் கத்தப் பழகியிருந்தார்.

"தாயி! ஏதாவது வேணுமா?"

"ஆமா, ஒண்ணு வேணும்!"

அவர் முகம் மலரும். "சொல்லுங்க!"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க!"

வரிசையே சிரிக்கும். அடுத்த வாரம் இன்னொன்று: "மழை வருதான்னு வெளிய பாத்துச் சொல்லுங்க." அதற்கடுத்த வாரம், "அந்தப் பூனைய வெரட்டுங்க." கேட்கத்தான் செய்தார்; ஆனால் எதையும் அந்தக் கடனின்மேல் கேட்கவில்லை.

சென்ற தீபாவளிக்குப் பின் ஹசப்னீஸ் மகளோடு இருக்க நாக்பூருக்குக் குடிபெயர்ந்தார். புறப்படுமுன் மில்லுக்கு வந்தார். நானும் அன்று கம்பு அரைக்கப் போயிருந்தேன். அவர் இம்முறை கத்தவில்லை. இயந்திரம் நிற்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"கடைசியாக் கேக்கறேன் தாயி. நாளைக்குப் போறேன்."

தாயி கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். சிறிது நேரம் உண்மையாகவே யோசிப்பதுபோல் நின்றார். பிறகு உள்ளே போய், பல தானியம் வறுத்து அரைத்த பாஜணி மாவை ஒரு பையில் நிறையப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி அவர் கையில் வைத்தார்.

"நாக்பூர்ல இந்த மாதிரி கெடைக்காது. தாலிபீட் அடை தட்டறப்ப எண்ணெய்க்குக் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. போய்ட்டு வாங்க."

"நான் கேட்டது..."

"அடுத்து யாரு? கம்பா? கொண்டாங்க தாதா."

இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது.